கேளுங்கள், சொல்கிறேன்: 80 டாலர் பல்

போன இதழில் மேரிலாந்துச் சிறுவனைப் பற்றி எழுதியதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 2007 பிப்ரவரியில், அமெரிக்கத் தலைநகருக்குப் பக்கத்திலேயே, 12 வயதுப் பையன் ஒருவன் சொத்தைப் பல்லில் பிடித்த சீழ் மூளைக்கு ஏறி இறந்துபோனான். பல்லைப் பிடுங்க 80 டாலர் ஆகியிருக்கும். அவனைக் காப்பாற்ற நடந்த ஆபரேஷன்கள், ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தது எல்லாம் சேர்ந்து இரண்டரை லட்சம் டாலர். அவன் அம்மா சும்மா இருக்கவில்லை. தம்பிக்காரனுக்குப் பல் இன்னும் மோசம் என்று, மெடிக்கெய்ட் என்ற அரசுக் காப்பீட்டை ஏற்றுக்கொள்ளும் பல் டாக்டரைத் தேடி அலைந்துகொண்டிருந்தார். அதற்குள் அந்தக் காப்பீடே காலாவதியாகிவிட்டது. வீடில்லாதவர்கள் தங்கும் விடுதியில் இருந்த குடும்பம் அது. புதுப்பிக்கச் சொல்லும் படிவம் அவர்கள் காலி செய்துவிட்டுப் போன அந்த முகவரிக்கே போயிருக்கலாம் என்று பிறகு சொன்னார்கள்.

இந்த மாதம் முழுக்க இதைப் பற்றித்தான். வத்தக்குழம்புக் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளவும்.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் பெரியாஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கினால் குழந்தைக்கு வைத்தியம் பார்த்துவிடுவார்கள், எவனும் இன்சூரன்ஸ் கார்டு கேட்பதில்லை. உலகத்திலேயே பணக்கார நாட்டில் குழந்தைக்கு வைத்தியம் பார்ப்பதற்கு ஒரு போராட்டமா? நம்ப முடியவில்லையே.

நானும் அமெரிக்கா வந்த புதிதில் நம்பவில்லை ஐயா. பெரியாஸ்பத்திரி வரிசையில் நிற்கிற கஷ்டம் எனக்கும் தெரியும், ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறது, அதன் கடைசியில் ஒரு டாக்டரும் இருக்கிறார். இங்கே வரிசையில் நிற்கவே ஒரு கார்டு வேண்டும்.

இது யாரும் உட்கார்ந்து திட்டமிட்டு வந்ததில்லை. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் சம்பளத்தை உயர்த்தக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டது. ஆள் பிடிக்க வேண்டுமே, கம்பெனிகள் சம்பளத்துக்குப் பதில் மருத்துவக் காப்பீடு தருகிறோம் என்றன. அதற்கு வரிச்சலுகையும் கிடைத்ததால் அப்படியே ஒட்டிக்கொண்டது. அப்பாவுக்கு நல்ல வேலை இருந்தால் பிள்ளைக்கு டாக்டர். 1945இல் அதிபர் ட்ரூமன் எல்லோருக்கும் தேசியக் காப்பீடு கொண்டுவரலாம் என்று கேட்டார், டாக்டர்கள் சங்கமே சோஷலிசம் வந்துவிட்டது என்று கூச்சல் போட்டு அதைப் படுக்க வைத்தது. 1965இல் அதிபர் ஜான்சன் காலத்தில் வயதானவர்களுக்கு மெடிக்கேர், ஏழைகளுக்கு மெடிக்கெய்ட். 1967இல் மெடிக்கெய்டில் ஒரு விதி சேர்த்தார்கள், அது எனக்கு மிகவும் பிடித்த விதி: குழந்தையை அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும், அதில் ஏதாவது தெரிந்தால் வைத்தியமும் செய்தாக வேண்டும். கண் தெரியவில்லை என்று எழுதிக்கொடுத்தால் மட்டும் போதாது, கண்ணாடியும் கொடுக்கவேண்டும்.

ஆனால் நடுவில் ஒரு கூட்டம் இருந்தது. கடையில், கட்டட வேலையில், ஓட்டலில் உழைக்கிற அப்பா அம்மா. மெடிக்கெய்டுக்கு வருமானம் அதிகம், காப்பீடு வாங்கக் குறைவு. 1993-94இல் அதிபர் கிளின்டன், மனைவி ஹிலாரி தலைமையில் குழு போட்டு எல்லோருக்குமான திட்டம் கொண்டுவந்தார், அது ஓட்டெடுப்புக்குக்கூட வராமல் செத்தது. அப்போதுதான் சிலருக்கு, சரி, ஊருக்கே விருந்து வைக்க முடியவில்லை, பிள்ளைகளுக்காவது இலை போடுவோம் என்று தோன்றியது. மசாசூசெட்ஸின் டெட் கென்னடி பழுத்த ஜனநாயகக் கட்சிக்காரர், யூட்டாவின் ஆரின் ஹாட்ச் பழுத்த குடியரசுக் கட்சிக்காரர். மேலவை உறுப்பினர்களான இந்த இருவரும் சேர்ந்து, சிகரெட் வரியை ஏற்றி அந்தப் பணத்தில் குழந்தைகளுக்குக் காப்பீடு என்றார்கள். 1997இல் சட்டமானது. அதுதான் சிப் என்று எல்லோரும் சொல்கிற குழந்தைகள் நலக் காப்பீட்டுத் திட்டம். அதற்குமுன் நூற்றுக்குப் பதினாலு குழந்தைகள்போலக் காப்பீடு இல்லாமல் இருந்தார்கள், 2016இல் அது ஐந்துக்கும் கீழே இறங்கியது.

எடிசன், நியூ ஜெர்சியிலிருந்து பெயர் வெளியிட விரும்பாத வாசகி: அக்கா, கணவருக்கு வேலை போய்விட்டது. பையனுக்கு நாலு வயது, இங்கே பிறந்தவன், வீசிங் உண்டு. சிப் வாங்கலாம் என்று தோழி சொல்கிறாள். அரசாங்க உதவி வாங்கினால் கிரீன் கார்டு போய்விடும் என்று கணவர் பயப்படுகிறார். இன்ஹேலரை எண்ணி எண்ணிக் கொடுக்கிறேன்.

முதலில் இன்ஹேலரை எண்ணுவதை நிறுத்து அம்மா. இன்றைக்கே விண்ணப்பம் போடு. வேறு காப்பீடுகளுக்கு இந்த மாதத்திலிருந்து அந்த மாதம் வரைதான் என்று காலக்கெடு உண்டு, குழந்தைகளின் மெடிக்கெய்டுக்கும் சிப்புக்கும் அது கிடையாது, வருடத்தில் எந்த நாளும் போடலாம். உங்கள் மாநிலத்தில் இரண்டும் சேர்ந்து என்ஜே ஃபேமிலிகேர் என்ற ஒரே பெயரில் இருக்கிறது. நாலு பேர் உள்ள குடும்பம் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் சம்பாதித்தாலும் அங்கே பிள்ளைக்கு இடமுண்டு, உங்களுக்கு இப்போது சம்பளமே இல்லை.

கிரீன் கார்டு பயத்துக்கு வருகிறேன். பையன் அமெரிக்கக் குடிமகன், உதவி அவன் பெயரில் வருகிறது. 2019இல் டிரம்ப் அரசு கொண்டுவந்த விதிதான் இந்தப் பயத்தை வீடு வீடாகக் கொண்டுபோனது, அரசை அண்டிப் பிழைப்பவர் என்று முத்திரை குத்தி கிரீன் கார்டை மறுக்கலாம் என்று. ஆனால் அந்தக் கடுமையான விதியில்கூட 21 வயதுக்குட்பட்டவர்கள் வாங்கும் மெடிக்கெய்டைக் கணக்கில் சேர்க்கவில்லை, குடிமகனான பிள்ளை வாங்குவதைப் பெற்றோர் தலையில் கட்டவும் இல்லை. விதியை 2021இல் எடுத்துவிட்டார்கள். பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. இதில் அரசுக்கு அரசு விதி மாறிக்கொண்டே இருப்பதால், கிரீன் கார்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளச் சொல் கணவரிடம். வாட்ஸ்அப் மாமாவிடம் வேண்டாம்.

இதைக் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், காரணம் இருக்கிறது. 2000இல் என் மகளுக்கு மூன்று வயது, இதே வீசிங். என் கணவர் வேலை மாறும்போது நாலு மாதம் இடைவெளி விழுந்தது. புது வேலையில் சேர்ந்தபின், இன்சூரன்ஸ் கம்பெனி, இது ஏற்கனவே இருந்த நோய், 12 மாதத்துக்கு இதற்கு மட்டும் பணம் தரமாட்டோம் என்று கடிதம் அனுப்பியது. காய்ச்சலுக்குத் தருவார்களாம், மூச்சுத் திணறலுக்குக் கிடையாதாம். அன்றைக்கு அது சட்டப்படி சரிதான், அதுதான் எரிச்சல். அந்தக் குளிர்காலத்தில் நெபுலைசர் மருந்தைப் பாதி பாதியாகக் கலந்து கொடுத்தவள் நான். சிப் என்று ஒன்று மூன்று வருடமாக இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது, யாரும் சொல்லவுமில்லை. ஒபாமாவின் 2010 சட்டம் வந்தபின்தான், ஏற்கனவே இருந்த நோய் என்று குழந்தைகளை ஒதுக்குவது தடை செய்யப்பட்டது. பெரியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு 2014இல்தான் வந்தது, குழந்தைகளுக்கு அதே 2010 செப்டம்பரில்.

டல்லாஸிலிருந்து ஒரு வாசகர்: தேசிய அளவில் சீர்திருத்தம் என்கிறீர்கள். என் தங்கை நியூ ஜெர்சியில், நான் டெக்சாஸில். கிட்டத்தட்ட ஒரே வருமானம். அவள் பிள்ளைக்குக் கிடைக்கிறது, என் பிள்ளைக்கு இல்லை. இது என்ன தேசியம்?

நல்ல கேள்வி. வாஷிங்டன் பணத்தில் பெரும்பங்கைத் தருகிறது, குறைந்தபட்ச விதி போடுகிறது, மீதி மாநிலத்தின் கையில். சிப்புக்கு நியூ ஜெர்சி வறுமைக்கோட்டின் மூன்றரை மடங்கு வருமானம் வரை அனுமதிக்கிறது, டெக்சாஸ் ஏறக்குறைய இரண்டு மடங்கோடு கதவைச் சாத்திவிடுகிறது. காப்பீடில்லாத குழந்தைகள் நாட்டிலேயே அதிகம் இருப்பது உங்கள் மாநிலத்தில்தான். 2010 சட்டம் மெடிக்கெய்டைக் குறைந்த வருமானப் பெரியவர்களுக்கும் விரித்தபோது, அது மாநிலங்களின் விருப்பம்தான் என்று 2012இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது, டெக்சாஸ் இன்றுவரை விரிக்கவில்லை. அது பெரியவர்கள் சமாச்சாரம்தானே என்று நினைக்காதீர்கள். அப்பா அம்மாவுக்குக் கார்டு இருக்கும் வீட்டில்தான் பிள்ளைக்கும் கார்டு கேட்கத் தோன்றுகிறது.

கோவிட் சமயத்தில் நடந்ததைப் பாருங்கள். 2020 மார்ச்சில் ஒரு விதி போட்டார்கள், நோய்க்காலம் முடியும்வரை மெடிக்கெய்டிலிருந்து யாரையும் நீக்கக் கூடாது என்று. மூன்று வருடம் படிவம் இல்லை, புதுப்பித்தல் இல்லை. 2023 மார்ச் 31ஆம் தேதியோடு அது முடிந்தது, மாநிலங்கள் எல்லோரையும் மறுபடி சரிபார்க்க ஆரம்பித்தன, நாடு முழுக்க இரண்டரைக் கோடிப் பேருக்குமேல் நீக்கப்பட்டார்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் தகுதியில்லை என்று கண்டுபிடித்து நீக்கப்பட்டவர்கள் இல்லை. படிவம் வரவில்லை, வந்த படிவம் திரும்பவில்லை, போனில் மணிக்கணக்காகக் காத்திருந்து வைத்துவிட்டார்கள், இப்படி. டெக்சாஸில் மட்டும் பத்து லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் பட்டியலிலிருந்து குறைந்தார்கள். மேரிலாந்துப் பையனின் கதைதான், பதினாறு வருடம் கழித்து, மாநிலக் கணக்கில்.

ஒரு நல்ல விஷயமும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து, ஒரு குழந்தை இந்தத் திட்டங்களில் சேர்ந்துவிட்டால் 12 மாதம் நீக்கக் கூடாது, நடுவில் அப்பாவுக்கு ஓவர்டைம் கிடைத்தாலும் சரி, என்று தேசியச் சட்டமே இருக்கிறது. ஆரெகான் ஒரு படி மேலே போய் ஆறு வயது வரைக்கும் குழந்தையைத் தொந்தரவே செய்வதில்லை என்று வைத்தது. இதுதான் நான் சொல்லும் சீர்திருத்தம். கேட்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது.

பெங்களூரிலிருந்து ஒரு மருத்துவ மாணவி: குழந்தை மருத்துவர்கள் அரசியல் பேசலாமா? எங்கள் பேராசிரியர் கூடாது என்கிறார்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பிறந்ததே அரசியல் சண்டையில்தான் என்று அவரிடம் சொல்லுங்கள்.

1912இல் அமெரிக்க அரசு குழந்தைகளுக்கென்று ஒரு துறை ஆரம்பித்தது. தலைவர் ஜூலியா லேத்ரப், அந்த நாட்டில் மத்தியத் துறை ஒன்றுக்குத் தலைமை வகித்த முதல் பெண். அவர் ஆட்கள் பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன் என்ற உருக்காலை ஊரில் வீடு வீடாகப் போய், பிறந்த குழந்தைகளில் எத்தனை பிழைத்தன, எத்தனை செத்தன, அந்த வீட்டில் அப்பாவுக்கு என்ன கூலி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எழுதினார்கள். கூலி குறைந்த வீட்டில் சாவு அதிகம். இப்படிச் சேர்த்த ஆதாரத்தோடு 1921இல் தாய் சேய் நலத்துக்கு மத்திய அரசு பணம் தரும் ஷெப்பர்ட்-டவுனர் சட்டம் வந்தது. பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, எம்.பி.க்களுக்கு அவர்கள் ஓட்டின்மேல் இருந்த பயமும் ஒரு காரணம்.

அமெரிக்க மருத்துவச் சங்கம் அதை எதிர்த்தது. 1922இல் செயின்ட் லூயிஸில் கூடிய மாநாட்டில், அதே சங்கத்தின் குழந்தை மருத்துவப் பிரிவு சட்டத்தை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. பெரியவர்கள் கண்டித்தார்கள், இனி பிரிவுகள் தனியாகத் தீர்மானம் போடக்கூடாது என்றார்கள். 1929இல் சட்டமும் போய்விட்டது. 1930இல் குழந்தை மருத்துவர்கள் தனிச் சங்கம் வைத்தார்கள். அந்தச் சங்கம்தான் இன்றைக்கும் காங்கிரஸ் என்கிற அமெரிக்க நாடாளுமன்றத்தின் படிகளில் ஏறி இறங்குகிறது. பேராசிரியரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், தேர்வு இருக்கிறது.

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு வாசகர்: நான் வரி கட்டுகிறேன். ஊரான் பிள்ளைக்கு நான் ஏன் பல் பிடுங்க வேண்டும்?

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று உங்கள் பாட்டி சொல்லியிருப்பாரே. சரி, கணக்காகவே பேசுவோம். 80 டாலரை மிச்சம்பிடித்து இரண்டரை லட்சம் செலவழித்தோம், பிள்ளையும் போனான். அப்புறம், சிப்புக்கென்று ஏற்றியது சிகரெட் வரி, 1997 சட்டம் பாக்கெட்டுக்கு 15 சென்ட், 2009இல் ஒபாமா கையெழுத்திட்டது இன்னொரு 62 சென்ட். நடுவில் அதிபர் புஷ் 2007இல் ஒரே வருடத்தில் இரண்டு தடவை, சிப்பை விரிவாக்கும் மசோதாவை வீட்டோ செய்து தடுத்தார். சிறுவயதில் மெடிக்கெய்டில் இருந்த பிள்ளைகள் வளர்ந்தபின் கூடுதலாக வரி கட்டுகிறார்கள் என்று ஆராய்ச்சிகளும் இருக்கின்றன. நீங்கள் சிகரெட் பிடிப்பவர் என்றால் நன்றி.

சியாட்டிலிலிருந்து ஒரு தம்பி: ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறேன், ஓட்டுக் கிடையாது. எங்களைப்போன்றவர்கள் என்ன செய்ய முடியும்? பெட்டிஷனில் கையெழுத்துப் போட்டால் ஏதாவது நடக்குமா? அடுத்து என்ன கேட்கலாம்?

பெட்டிஷனில் பெரிதாக ஒன்றும் நடக்காது தம்பி. போன் செய்தால் நடக்கும், நேரில் போய்ச் சொன்னால் இன்னும் நடக்கும். ஓட்டு இருப்பவர்தான் பேசவேண்டும் என்று சட்டமில்லை, அந்தத் தொகுதியில் குடியிருந்தால் போதும். காங்கிரஸின் பொது எண் 202-224-3121, ஜிப் கோடு சொன்னால் உங்கள் உறுப்பினர் அலுவலகத்துக்கு இணைப்பார்கள். எடுப்பது இருபத்தி மூன்று வயதுப் பிள்ளையாக இருக்கும், அவர் ஒரு கணக்கு வைத்திருப்பார், எந்த மசோதாவுக்கு எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர்ப்பு என்று. எழுதிவைத்ததைப் படிக்காதீர்கள். மசோதா பெயர், நீங்கள் குடியிருக்கும் ஊர், ஒரு குழந்தையின் கதை, இரண்டு நிமிடம்.

அந்தக் கதைதான் வேலை செய்கிறது. அயோவாவின் சீடர் ராப்பிட்ஸில் கேட்டி பெக்கெட் என்ற குழந்தை. கைக்குழந்தையாக இருக்கும்போதே மூளைக்காய்ச்சல் வந்து, மூச்சுவிட எந்திரம் வேண்டியதாகிவிட்டது. மூன்று வருடம் ஆஸ்பத்திரியிலேயே வளர்ந்தாள். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர்கள் சொன்னபோது சட்டம் குறுக்கே நின்றது: ஆஸ்பத்திரியில் கிடந்தால் மெடிக்கெய்ட் பணம் தரும், வீட்டுக்குப் போனால் பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் எடுப்போம், அப்போது தகுதி போய்விடும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆகும் செலவோ ஆஸ்பத்திரியில் ஆவதில் ஆறில் ஒரு பங்கு. அவள் அம்மா விடவில்லை, தொகுதி உறுப்பினரைப் பிடித்தார், விஷயம் மேலே மேலே போய் 1981 நவம்பரில் அதிபர் ரீகன் பத்திரிகையாளர் கூட்டத்தில் இந்தக் குழந்தையைப் பற்றிப் பேசினார். அரசுச் செலவை வெட்டவேண்டும் என்று ஆட்சிக்கு வந்த அதே ரீகன்! அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டில் இருந்தாள். அடுத்த வருடம் சட்டத்திலேயே வழி செய்தார்கள், இன்றைக்கும் கடும் நோயுள்ள எத்தனையோ குழந்தைகள் அந்த வழியில் வீட்டில் இருக்கிறார்கள். அவளே பின்னாளில் ஊனமுற்றோர் உரிமைக்காகப் பேசினாள், 2012இல் 34 வயதில் இறந்தாள்.

2017இலும் இதேதான். 2010 சட்டத்தை ரத்து செய்யும் மசோதா கீழவையில் நிறைவேறி மேலவையான செனட்டுக்கு வந்தபோது, மூச்சுக் குழாயோடும் சக்கர நாற்காலியோடும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு செனட்டர்களின் அறை அறையாகப் போனார்கள் சில பெற்றோர். லிட்டில் லாபியிஸ்ட்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஜூலை 28 விடியற்காலையில் குடியரசுக் கட்சி செனட்டர் மெக்கெய்ன் கட்டைவிரலைக் கீழே காட்டி மசோதாவைச் சாய்த்தார், 51க்கு 49. இவர்களால் மட்டும்தான் சாய்ந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் இவ்வளவுக்குமேல் பணம் தரமாட்டோம் என்கிற இன்சூரன்ஸ் உச்சவரம்பு என்ற வார்த்தைக்குப் பின்னால் ஒரு பிள்ளையின் முகம் இருக்கிறது என்று அந்த வாரம் அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்து என்ன கேட்கலாம் என்று உங்கள் கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். என் பட்டியலில் முதலாவது: சிப் நிரந்தரத் திட்டம் இல்லை, சில வருடங்களுக்கு ஒருமுறை காங்கிரஸ் பணம் ஒதுக்கவேண்டும். 2017 செப்டம்பரோடு ஒதுக்கீடு முடிந்து, 2018 ஜனவரி 22 வரை புதுப்பிக்காமல் இழுத்தடித்தார்கள், திட்டம் நின்றுபோகலாம் என்று மாநிலங்கள் பெற்றோரை எச்சரிக்க ஆரம்பித்துவிட்டன. இப்போதைய அனுமதி 2029 செப்டம்பர் வரை. அதற்குமுன் இதை நிரந்தரமாக்குங்கள் என்று கேளுங்கள். இரண்டாவது, 2025 ஜூலையில் வந்த சட்டம் மெடிக்கெய்டில் கை வைத்திருக்கிறது. வேலை பார்த்தால்தான் மெடிக்கெய்ட் என்று பெரியவர்களில் ஒரு பகுதியினருக்கு நிபந்தனை போட்டிருக்கிறார்கள், பதின்மூன்றும் அதற்குக் கீழும் வயதுள்ள பிள்ளை இருக்கும் பெற்றோருக்கு அது கிடையாது என்கிறார்கள். ஆனால் விலக்கு உண்டு என்பதை நிரூபிக்கவும் ஒரு படிவம் வருமே, அது எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் மாநிலம் தன் கையில் இருக்கிற தகவலை வைத்துத் தானே சரிபார்த்துக்கொள்ளவேண்டும் என்று மாநில சட்டசபை உறுப்பினரிடம் கேளுங்கள். அவருக்கு வரும் போன் குறைவு, நீங்கள் பத்துப் பேர் பேசினாலே கூட்டம்.

ஷார்லட்டிலிருந்து ஒரு வாசகி: அக்கா, போன இதழைப் படித்துவிட்டு அன்று இரவு தூங்கவில்லை. என் இரண்டு பிள்ளைகளுக்கும் மெடிக்கெய்ட்தான். போன மாதம் வீடு மாறினோம். நான் ஏதாவது செய்யவேண்டுமா?

தபால் நிலையத்தில் முகவரி மாற்றம் கொடுத்திருப்பீர்கள், பிள்ளைகளின் பள்ளிக்குச் சொல்லியிருப்பீர்கள், அமேசானுக்கு முதல் நாளே சொல்லியிருப்பீர்கள். மெடிக்கெய்ட் அலுவலகத்துக்குச் சொன்னீர்களா? கார்டின் பின்பக்கம் எண் இருக்கும். காலையில் திறந்தவுடன் கூப்பிடுங்கள், பேசியவர் பெயரையும் தேதியையும் குறித்துவையுங்கள். பழைய வீட்டில் இப்போது குடியிருப்பவர்களிடமும் ஒரு நடை போய், எங்கள் பெயருக்கு ஏதாவது கவர் வந்ததா என்று கேட்டுவிடுங்கள்.